டபிள்யூ-2: ஆஃபர் லெட்டரில் ஒரு சம்பளம், படிவத்தில் மூன்று சம்பளம். இதில் எது என்னுடையது?

ஒற்றைப்பெயர் | பிப்ரவரி 1, 2026, இரவு 10:12

வணக்கம். சென்னையிலிருந்து வந்து பதினாறு மாதம் ஆகிறது. கலிஃபோர்னியா, எச்1பி, கல்யாணம் ஆகவில்லை. கம்பெனி வருடாவருடம் தரும் சம்பள-வரிப் படிவமான டபிள்யூ-2, முழு வருடத்துக்குமானது, முதல் தடவையாக இப்போதுதான் கையில் வந்திருக்கிறது.

2025-இல் என் அடிப்படைச் சம்பளம் 118,000 டாலர். மார்ச்சில் போனஸ் 6,000. ஆக மொத்தம் 124,000. படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தும் அந்த எண் எங்கேயும் இல்லை. இருப்பவை இவை:

பாக்ஸ் 1: 107,798.56
பாக்ஸ் 3, பாக்ஸ் 5: 118,198.56
பாக்ஸ் 16: 110,898.56

ஊரில் ஃபார்ம் 16 வந்தால் அதிலேயே சம்பளம், கழிவு, கட்டவேண்டிய வரி என்று கணக்கை முடித்துக் கொடுத்திருப்பார்கள். இங்கே கட்டம் கட்டமாக எண்ணைக் கொட்டிவிட்டு "நீயே பார்த்துக்கொள்" என்று விட்டுவிட்டார்கள். கம்பெனி எதையாவது மறைக்கிறதா, அல்லது எனக்குத்தான் கணக்கு வரவில்லையா?

---

பேரோல்_பாண்டி | பிப்ரவரி 1, இரவு 10:40

தம்பி, யாரும் எதையும் மறைக்கல. பதினொரு வருஷமா இந்த சம்பளப் பட்டுவாடா வேலைலதான் இருக்கேன், ஜனவரி பொறந்தா தெனம் பத்து பேரு இதே கேள்வியோட வருவாங்க.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். டபிள்யூ-2 உங்க சம்பளத்தைச் சொல்றதுக்கு வந்த காகிதம் இல்ல. "எந்த வரிக்கு எவ்வளவு சம்பளம் கணக்குல வருது"ன்னு சொல்ல வந்தது. ஃபெடரல் வருமான வரிக்கு ஒரு சம்பளம், அது பாக்ஸ் 1. சோஷியல் செக்யூரிட்டிக்கு, அதாவது அரசு ஓய்வூதியத்துக்கு, பாக்ஸ் 3. மெடிகேருக்கு, அதாவது முதியோர் மருத்துவத்துக்கு, பாக்ஸ் 5. மாநில வரிக்கு பாக்ஸ் 16. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனிச் சட்டம், எதைக் கழிக்கலாம் கழிக்கக்கூடாதுன்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி சொல்லும். அதான் எண் மாறுது.

டிசம்பர் கடைசி பேஸ்டப் (சம்பளச் சீட்டு) எடுத்து வச்சுக்கிட்டு "இந்த வருஷம் இதுவரை" பத்தியைப் பாருங்க. 401கே (ரிட்டயர்மென்ட் சேமிப்பு) எவ்வளவு, மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிச்சது எவ்வளவு, எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) எவ்வளவு? போடுங்க, உக்காந்து பாப்போம்.

---

ஒற்றைப்பெயர் | பிப்ரவரி 1, இரவு 11:05

நன்றி அண்ணா. பேஸ்டப்பில் உள்ளது:

401கே (பழைய வகை; வரி கட்டிய பிறகு போடும் ராத் இல்லை): 10,400
மெடிக்கல், டென்டல், விஷன் மூன்றும் சேர்த்து: 3,380
எச்எஸ்ஏ-வுக்கு நான் போட்டது: 2,600

---

பேரோல்_பாண்டி | பிப்ரவரி 1, இரவு 11:21

சரி, எடுங்க பேனாவை.

காப்பீட்டுப் பிரீமியமும், சம்பளத்துலேருந்து நேரா போற எச்எஸ்ஏ-வும் ஃபெடரல் வரி, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் மூணுக்கும் முன்னாடியே கழிஞ்சிடும். 401கே அப்படி இல்ல. அது வருமான வரிக்கு மட்டும்தான் கழியும். நீங்க ரிட்டயர்மென்டுக்குச் சேத்து வச்சாலும் சோஷியல் செக்யூரிட்டிக்காரன் தன் பங்கை எடுத்துட்டுத்தான் விடுவான்.

அதனாலதான் உங்க பாக்ஸ் 5-க்கும் பாக்ஸ் 1-க்கும் நடுவுல சரியா 10,400 வித்தியாசம். கழிச்சுப் பாருங்க. அதே 10,400 பாக்ஸ் 12-ல "டி"ங்கிற எழுத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கும்.

---

ஒற்றைப்பெயர் | பிப்ரவரி 1, இரவு 11:48

ஆமாம், டி 10,400 இருக்கிறது! ஆனால் அண்ணா, கொஞ்சம் இடிக்கிறது.

124,000-இலிருந்து மூன்றையும் கழித்தால் 107,620 வரவேண்டும். பாக்ஸ் 1-இல் 107,798.56 இருக்கிறது. 178.56 டாலர் அதிகம். பாக்ஸ் 5-க்கும் போட்டுப் பார்த்தேன்: 118,020 வரவேண்டிய இடத்தில் 118,198.56. அங்கேயும் அச்சுப் பிசகாமல் அதே 178.56. எனக்கு யாரும் இந்தப் பணத்தைத் தரவில்லை. வாங்காத காசுக்கு வரியா?

---

பழம்பெருச்சாளி | பிப்ரவரி 2, காலை 6:30

178 டாலருக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரை முழித்திருக்கிறீர்கள். வரி மென்பொருளில் படிவத்தைப் படம் பிடித்துப் போட்டால் வேலை முடிந்தது. இருபது வருடமாக நான் ஒரு பாக்ஸையும் படித்ததில்லை, ஒரு குறையும் வந்ததில்லை.

---

சொல்லின்செல்வி | பிப்ரவரி 2, காலை 8:15

பெருச்சாளி ஐயா, மென்பொருள் படிவத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். படிவமே தப்பாக இருந்தால் தப்பைத்தான் நேர்த்தியாகக் கூட்டிக் கொடுக்கும். அந்தத் தம்பி செய்வதுதான் சரி.

ஒற்றைப்பெயர், பாக்ஸ் 12-இல் "சி" என்று ஒரு எழுத்து இருக்கிறதா பாருங்கள். கம்பெனி உங்களுக்கு இலவசமாக ஆயுள் காப்பீடு எடுத்திருக்கும். சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு என்றெல்லாம் ஆஃபர் லெட்டரில் போட்டிருப்பார்களே, அதுதான். 50,000 டாலர் வரையிலான காப்பீட்டுக்கு வரி இல்லை. அதற்கு மேல் போனால், மேலே உள்ள பகுதிக்கு வரித்துறையான ஐஆர்எஸ் ஒரு விலை வைத்து, அதை உங்கள் வருமானம் என்று சேர்த்துவிடும்.

அந்த விலை வயதைப் பொறுத்தது. 30 முதல் 34 வயது வரை ஆயிரம் டாலர் காப்பீட்டுக்கு மாதம் 8 சென்ட். 25 முதல் 29 என்றால் 6 சென்ட். உங்கள் வயது?

---

ஒற்றைப்பெயர் | பிப்ரவரி 2, காலை 8:52

முப்பத்திரண்டு. காப்பீடு சம்பளத்தின் இரண்டு மடங்கு, 236,000.

ஐம்பதாயிரம் போக 186,000. அதற்கு மாதம் 14.88. பன்னிரண்டு மாதத்துக்கு...

178.56!!!

சி 178.56 என்று படிவத்திலேயே இருக்கிறது. நேற்றிரவெல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் இருந்திருக்கிறது. அக்கா, உங்களுக்குக் கோயில் கட்டலாம்.

---

சொல்லின்செல்வி | பிப்ரவரி 2, காலை 9:03

கோயில் வேண்டாம், பாக்ஸ் 16-ஐயும் சேர்த்து முடித்துவிடுவோம். பாக்ஸ் 1-ஐ விட அது 3,100 அதிகம். நீங்கள் எச்எஸ்ஏ-வுக்குப் போட்டது 2,600. கம்பெனி 500 போட்டதா?

---

ஒற்றைப்பெயர் | பிப்ரவரி 2, காலை 9:10

போட்டது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

---

சொல்லின்செல்வி | பிப்ரவரி 2, காலை 9:34

கலிஃபோர்னியா எச்எஸ்ஏ-வை ஏற்பதில்லை. ஃபெடரல் அரசு வரிச்சலுகை தருகிறது. உங்கள் மாநிலம் "அதெல்லாம் எனக்குத் தெரியாது, அதுவும் சம்பளம்தான்" என்கிறது. நீங்கள் போட்டதும் கம்பெனி போட்டதும் சேர்ந்து மாநிலச் சம்பளத்தில் ஏறிவிட்டது. பாக்ஸ் 12-இல் "டபிள்யூ" என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 3,100 இருக்கும். அந்தக் கட்டம் பலரைக் குழப்பும், ஏனென்றால் அதைக் கம்பெனியின் பங்கு என்று சொல்லுவார்கள். ஆனால் சம்பளத்திலிருந்து நீங்கள் போட்டதும் அதிலேயே அடங்கும். அது தெரியாமல் 2,600-ஐ மறுபடி "நான் தனியாகப் போட்டேன்" என்று கணக்கில் காட்டிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் செய்துவிட்டு, வரம்பு மீறிவிட்டதாக வந்த கடிதத்துக்கு மூன்று மாதம் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

நான் இருக்கும் நியூஜெர்சியும் இதே ரகம்தான். எச்எஸ்ஏ மட்டுமல்ல, காப்பீட்டுப் பிரீமியத்தையும் கழிக்க விடமாட்டார்கள். என் வீட்டுக்காரர் வேலை நியூயார்க்கில். அவர் டபிள்யூ-2-வில் இரண்டு மாநிலங்களுக்கும் தனித்தனி வரிசை இருக்கும், இரண்டிலும் முழுச் சம்பளம். முதல் வருடம் இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சம்பாதிக்கும் மனுஷனா என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். நியூயார்க்கில் கட்டும் வரியை நியூஜெர்சி ரிட்டர்னில் கிரெடிட்டாகக் காட்டிக்கொள்ளலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

---

ஆஸ்டின்வாசி | பிப்ரவரி 2, பகல் 12:20

டெக்சஸ் வந்துடுங்க. பாக்ஸ் 15, 16, 17 மூணும் காலி. 😎

---

சொல்லின்செல்வி | பிப்ரவரி 2, பகல் 12:31

வீட்டு வரி ரசீதையும் கொஞ்சம் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்ப்போம்.

---

ஆஸ்டின்வாசி | பிப்ரவரி 2, பகல் 12:33

அம்மா தாயே, விட்டுடுங்க.

---

பேரோல்_பாண்டி | பிப்ரவரி 2, மாலை 7:15

செல்வி மேடம் நான் செய்யவேண்டிய வேலையைச் செஞ்சுட்டாங்க. மிச்சத்தை நான் முடிச்சுடறேன்.

பாக்ஸ் 4, பாக்ஸ் 3-ல 6.2 சதவீதம். உங்களுக்கு 7,328.31 வரணும். பாக்ஸ் 6, பாக்ஸ் 5-ல 1.45 சதவீதம். 1,713.88 வரணும். இது ரெண்டும் சென்ட் கணக்குல ஒத்துப்போகணும், ரெண்டு மூணு சென்ட் முன்னபின்ன இருந்தா பரவால்ல. டாலர் கணக்குல வித்தியாசம் வந்தா எச்ஆருக்கு எழுதுங்க.

பாக்ஸ் 12-ல "டிடி"ன்னு பெருசா ஒரு தொகை இருக்கும். அதைப் பாத்துப் பயப்படாதீங்க. உங்க மருத்துவக் காப்பீட்டுக்கு நீங்களும் கம்பெனியும் சேந்து கட்டின மொத்தச் செலவு அது. தகவலுக்குப் போட்டது, அதுக்கு வரி கிடையாது. பாக்ஸ் 13-ல "ரிட்டயர்மென்ட் பிளான்" டிக் ஆயிருக்கும். அது இருந்தா பழைய வகை ஐஆர்ஏ-ல (நீங்களே தனியா வைக்கிற ரிட்டயர்மென்ட் கணக்கு) பணம் போட்டு வரிக்கழிவு கேக்கறப்ப வருமான வரம்பு குறுக்க வரும். பாக்ஸ் 14 கம்பெனி இஷ்டம், என்ன வேணா எழுதுவாங்க. கலிஃபோர்னியான்னா அங்க எஸ்டிஐ, அதாவது மாநில உடல்நலக்குறைவுக் காப்பீட்டுக்குப் பிடிச்சது, இருக்கும், 2025-க்கு 1.2 சதவீதம். 2024-லேருந்து அதுக்கு உச்சவரம்பையும் எடுத்துட்டாங்க.

இப்ப வரி. பாக்ஸ் 1-லேருந்து ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போகணும். வரி போடுறதுக்கு முன்னாடி கழிக்கிற நிலையான தொகை அது, தனி ஆளுக்கு 2025-க்கு 15,750. மிச்சம் 92,048 சொச்சம். மொத 11,925-க்கு 10 சதவீதம், 48,475 வரைக்கும் 12, அதுக்கு மேல 22. கூட்டினா ஏறக்குறைய 15,165. உங்க பாக்ஸ் 2, அதாவது ஏற்கெனவே பிடிச்ச ஃபெடரல் வரி, எவ்வளவு?

---

ஒற்றைப்பெயர் | பிப்ரவரி 2, இரவு 8:02

பாக்ஸ் 2: 15,322.40. அப்படியென்றால் எனக்கு வருவது வெறும் 157 டாலரா? ஆபீஸில் பக்கத்து சீட்காரர் போன வருடம் ஆறாயிரம் ரீஃபண்ட் வாங்கினேன் என்கிறாரே. என் டபிள்யூ-2-வில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

---

பேரோல்_பாண்டி | பிப்ரவரி 2, இரவு 8:20

கோளாறு அவரோடதுலதான். ஆறாயிரம் ரீஃபண்ட்னா மாசம் ஐநூறு டாலரை வட்டி இல்லாம அரசாங்கத்துக்குக் கடன் குடுத்திருக்கார்னு அர்த்தம். உங்க 157 ரொம்ப அழகான கணக்கு. அதுவே எப்படி வந்துச்சு தெரியுமா? 2025 தொடக்கத்துல ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 15,000-ன்னு வச்சுத்தான் பிடிச்சாங்க. ஜூலைல வந்த சட்டம் அதை 15,750 ஆக்கிடுச்சு, ஆனா வரி பிடிக்கிற அட்டவணையை அந்த வருஷம் மாத்தல. 750-க்கு 22 சதவீதம் 165. கிட்டத்தட்ட அதுதான் உங்களுக்குத் திரும்பி வருது.

---

பழம்பெருச்சாளி | பிப்ரவரி 2, இரவு 9:00

எனக்கு ரீஃபண்ட் பிடிக்கும். கையில் இருந்தால் செலவழித்துவிடுவேன். மாதம் ஐநூறை நானே எடுத்து வைப்பேன் என்று யார் சொன்னாலும் நம்பமாட்டேன், என்னையும் சேர்த்து.

---

திருவெறும்பூரான் | பிப்ரவரி 3, இரவு 11:30

நல்ல இழை. நான் சூடுபட்ட கதையையும் எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

கம்பெனி ஷேர், அதாவது ஆர்எஸ்யூ வாங்குபவர்கள் கவனியுங்கள். ஷேர் உங்கள் கைக்கு வரும் நாளில் அதன் சந்தை விலை முழுக்க உங்கள் சம்பளமாகி பாக்ஸ் 1, 3, 5 மூன்றிலும் ஏறிவிடும். வரிக்காகக் கொஞ்சம் ஷேரைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். எனக்கு 2023-இல் 40,000 டாலர் மதிப்புக்கு வந்தது. வந்த வாரமே விற்றுவிட்டேன், லாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த பிப்ரவரியில் புரோக்கரிடமிருந்து 1099-பி வந்தது. விற்ற தொகை போட்டிருந்தது. வாங்கிய விலை என்ற கட்டம் காலி. நான் பெருச்சாளி ஐயா வழியில் எல்லாவற்றையும் மென்பொருளில் ஏற்றி ஓக்கே ஓக்கே என்று தட்டிக்கொண்டே போனேன். வாங்கிய விலை பூஜ்யம், விற்ற தொகை முழுக்க லாபம் என்று அது எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே டபிள்யூ-2-வில் வரி கட்டிய அதே பணத்துக்கு இன்னொரு தடவை வரி.

ஒன்றரை வருடம் கழித்து நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. புரோக்கர் தளத்தில் துணை அறிக்கை என்று இன்னொரு காகிதம் கிடக்கும். கைக்கு வந்த நாளின் விலை அதில் இருக்கும். அதை 8949 படிவத்தில் திருத்திப் போடவேண்டும். நான் 1040-எக்ஸ் என்ற திருத்த ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கினேன். டபிள்யூ-2-வின் பாக்ஸ் 14-இல் ஆர்எஸ்யூ என்று ஒரு தொகை இருந்தால் அதைச் சிவப்பு விளக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஆர்எஸ்யூ, போனஸ் இவற்றுக்குப் பெரும்பாலும் 22 சதவீதம்தான் பிடிப்பார்கள். நீங்கள் 32 சதவீதத்தில் இருப்பவர் என்றால் பத்து சதவீதம் ஏப்ரலில் கைக்காசு போட்டுக் கட்டவேண்டி வரும்.

---

பழம்பெருச்சாளி | பிப்ரவரி 4, காலை 6:45

என் வழி என்றா எழுதுகிறீர்கள்! எனக்கு ஆர்எஸ்யூ கிடையாது, அதனால்தான் தப்பித்தேன் போலிருக்கிறது. போகட்டும், ஒரு சந்தேகம். கேட்கவே வெட்கமாக இருக்கிறது. போன ஜூலையில் கம்பெனி மாறினேன். பழைய இடத்தில் 110,000, புதிய இடத்தில் 95,000. இரண்டு டபிள்யூ-2. இதில் பார்க்கவேண்டியது ஏதாவது இருக்கிறதா?

---

பேரோல்_பாண்டி | பிப்ரவரி 4, காலை 7:10

வாங்க ஐயா வாங்க. இருக்கு. 1,791 டாலர் இருக்கு.

சோஷியல் செக்யூரிட்டிக்கு உச்சவரம்பு உண்டு. 2025-க்கு 176,100 வரைக்கும்தான் 6.2 சதவீதம். ஒரு ஆளு அந்த வருஷம் அதிகபட்சமா கட்டவேண்டியது 10,918.20. உங்க பழைய கம்பெனி 6,820 பிடிச்சிருக்கும், புதுசு 5,890. மொத்தம் 12,710. புதுக் கம்பெனிக்குப் பழைய கதை தெரியாது, அது மொதல்லேருந்து பிடிச்சுக்கிட்டே வரும். அதிகமாப் போன 1,791.80 உங்க ரிட்டர்ன்ல ஷெட்யூல் 3 வழியா திரும்ப வரும். ரெண்டு டபிள்யூ-2-வையும் ஒழுங்கா ஏத்தினா மென்பொருளே பிடிச்சுடும். ஒண்ணு விட்டுப்போச்சுன்னா காசு போச்சு.

ஒரே கம்பெனி அதிகமாப் பிடிச்சிருந்தா இந்த வழி கிடையாது, அவங்ககிட்டதான் கேக்கணும். புருஷன் பொண்டாட்டி கணக்கைக் கூட்டவும் முடியாது, வரம்பு ஆளுக்குத் தனித்தனி.

மெடிகேர்ல இதுக்கு நேரெதிர். ஒரு சம்பளம் 200,000 தாண்டினாத்தான் கூடுதல் 0.9 சதவீதம் பிடிப்பாங்க. நீங்க 150,000, வீட்டுல 150,000-ன்னா ரெண்டு கம்பெனியும் பிடிக்காது. ஆனா சேந்து ரிட்டர்ன் போட்டா வரம்பு 250,000. மிச்ச 50,000-க்கு 450 டாலர் கேப்பாங்க.

---

பழம்பெருச்சாளி | பிப்ரவரி 4, காலை 7:25

இருபது வருடத்தில் நாலு தடவை கம்பெனி மாறியிருக்கிறேன். பழைய கோப்புகளை இப்போதுதான் பரணிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறேன். யாரும் ஒன்றும் பேசவேண்டாம்.

---

ஓபிடி_ஊழியன் | பிப்ரவரி 5, மாலை 5:40

அண்ணா, நான் எஃப்-1 மாணவர் விசா, ஓபிடி-ல (படிச்ச துறையில தர்ற வேலை அனுமதி) வேலை பாக்குறேன். 2023 ஆகஸ்ட்ல வந்தேன். என் டபிள்யூ-2-ல பாக்ஸ் 4, 6 ரெண்டுலயும் தொகை இருக்கு. என் ரூம்மேட்டுக்கு அந்தக் கட்டங்கள் காலியா இருக்கு. ரெண்டு பேரும் ஒரே படிப்பு, ஒரே வருஷம் வந்தோம். யாருது சரி?

---

சொல்லின்செல்வி | பிப்ரவரி 5, மாலை 6:25

உங்கள் ரூம்மேட்டுடையது. எஃப்-1 மாணவர்களை முதல் ஐந்து காலண்டர் வருடங்களுக்கு வரி விஷயத்தில் நான்ரெசிடென்டாகத்தான் பார்ப்பார்கள். ஓபிடி வேலைக்கும் அதுவரை சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடிக்கக்கூடாது. நீங்கள் ஆகஸ்டில் வந்தாலும் 2023 முழு வருடமாகவே எண்ணப்படும். ஆகவே 2027 முடியும்வரை விலக்கு உண்டு. நடுவில் எச்1பி கிடைத்தால் அந்தத் தேதியிலிருந்து பிடிப்பார்கள்.

முதலில் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். திருப்பித் தந்து, திருத்திய படிவமான டபிள்யூ-2சி கொடுத்தால் நல்லது. மறுத்தால் 843, 8316 என்ற இரண்டு படிவங்களை ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பவேண்டும். நாள் பிடிக்கும்.

ரிட்டர்ன் போடும்போது வழக்கமான 1040 அல்ல, நான்ரெசிடென்டுக்கான 1040-என்ஆர். விளம்பரத்தில் வரும் வரி மென்பொருள்கள் பலவற்றில் அது கிடையாது, இருப்பதைப் பார்த்து எடுங்கள். நான்ரெசிடென்டுக்குப் பொதுவாக ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடையாது. இந்திய மாணவர்களுக்கு மட்டும் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவில் அந்தச் சலுகை இருக்கிறது. விட்டுவிடாதீர்கள்.

---

நைட்ஷிஃப்ட்_நர்ஸ் | பிப்ரவரி 7, காலை 9:50

ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து எழுதுறேன், தூக்கக் கலக்கத்துல தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க. ஓவர்டைமுக்கு வரி இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க. என் டபிள்யூ-2-ல ஓவர்டைம்னு எதுவுமே தனியா இல்லையே?

---

பேரோல்_பாண்டி | பிப்ரவரி 7, பகல் 11:05

இந்த வருஷம் அப்படித்தான் மேடம். சட்டம் 2025-க்கே செல்லும், ஆனா 2025 டபிள்யூ-2-வை அதுக்காக மாத்தல. சில கம்பெனி பாக்ஸ் 14-ல எழுதுறாங்க, சில பேரு தனிக் கடுதாசி தர்றாங்க. இல்லேன்னா உங்க பேஸ்டப்பை வச்சு நீங்கதான் கூட்டணும்.

முழு ஓவர்டைம் சம்பளமும் இல்ல, "ஒண்ணரை மடங்கு"ல அந்த அரை மட்டும்தான். மணிக்கு 40 டாலர்னா ஓவர்டைம் 60, அதுல 20 மட்டும் கழியும். தனி ஆளுக்கு 12,500, சேந்து போட்டா 25,000 வரைக்கும். வருமானம் 150,000, இல்ல சேந்து 300,000 தாண்டினா குறைஞ்சுக்கிட்டே போகும். இன்னொண்ணு, இது வருமான வரிக்கு மட்டும்தான். பாக்ஸ் 4, 6 அப்படியே இருக்கும். போய்த் தூங்குங்க மொதல்ல.

---

ஒற்றைப்பெயர் | பிப்ரவரி 8, இரவு 9:30

கடைசியாக இரண்டு கேள்வி. நீளமாகிவிட்டது, மன்னிக்கவும்.

ஒன்று, ஏப்ரலில் ஊருக்குப் போய் விசா ஸ்டாம்பிங். எச்1பி-க்காகக் கம்பெனி தந்த எல்சிஏ-வில் (சம்பள உறுதிமொழி) 118,000. பாக்ஸ் 1-இல் 107,798. சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தார்கள் என்று நினைத்துவிடுவார்களா?

இரண்டு, இதை நேற்றுதான் கவனித்தேன். எண்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் மேலே உள்ள பெயரைப் பார்க்கவில்லை. எனக்கு இனிஷியல்தான். பாஸ்போர்ட் எடுத்தபோது அப்பா பெயரை விரித்துப் பின்னால் போட்டோம். சோஷியல் செக்யூரிட்டி கார்டில் என் பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால். டபிள்யூ-2-வில் அது புரண்டிருக்கிறது. அப்பாதான் இங்கே ஒரு வருடம் கோடு அடித்து 124,000 சம்பாதித்திருக்கிறார். இதை விட்டுவிடலாமா?

---

சொல்லின்செல்வி | பிப்ரவரி 8, இரவு 10:00

முதலாவதற்குக் கவலை வேண்டாம். 401கே, காப்பீடு எல்லாம் நீங்கள் கேட்டுப் பிடித்தவை. பாக்ஸ் 5-ஐயும் டிசம்பர் பேஸ்டப்பையும் கையில் வைத்திருங்கள். கேட்டால் அந்தக் காகிதத்திலேயே 124,000 இருக்கிறது. வருட நடுவில் சேர்ந்தவர்களும் சம்பளமில்லா விடுப்பு எடுத்தவர்களும்தான் இன்னும் கொஞ்சம் தயாராகப் போகவேண்டும்.

இரண்டாவதை விடாதீர்கள். உங்கள் சம்பளம் உங்கள் சோஷியல் செக்யூரிட்டி கணக்கில் ஏறுவது அந்தப் பெயரும் எண்ணும் பொருந்தினால்தான். பொருந்தாதவற்றை ஆள் தெரியாத சம்பளம் என்று தனியாக ஒதுக்கி வைத்துவிடுவார்கள். ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட் வேண்டும், வருடத்துக்கு நாலு கிரெடிட்தான் கிடைக்கும். இந்தியாவோடு இதற்கு ஒப்பந்தமும் இல்லை, அங்கே கட்டியதை இங்கே சேர்க்க முடியாது. உள்ளதில் ஒரு வருடத்தை அப்பா பெயரில் விட்டுவிடாதீர்கள்.

---

பேரோல்_பாண்டி | பிப்ரவரி 8, இரவு 10:25

எச்ஆருக்கு இப்படி எழுதுங்க: "சோஷியல் செக்யூரிட்டி கார்டில் உள்ளபடி பெயரைத் திருத்தி டபிள்யூ-2சி தரவும்." கார்டு நகலை ஈமெயில்ல அனுப்பாதீங்க, அவங்க போர்ட்டல்ல ஏத்துங்க. டபிள்யூ-2 கேக்குற மாதிரி திருட்டு ஈமெயில் வர்ற சீசனும் இதுதான். பேரோல் சாஃப்ட்வேர்லயும் மாத்தச் சொல்லுங்க, இல்லேன்னா அடுத்த ஜனவரியும் அப்பாதான் வேலை பாப்பாரு.

நம்ம ஊர் ஆளுங்க பாதிப் பேருக்கு இது நடக்கும். ஒருத்தருக்குப் பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேருதான், விசாவுல எஃப்என்யூ-ன்னு (மொதல் பேரு தெரியலைன்னு அர்த்தம்) சேத்துட்டாங்க. ஆபீஸ்ல மூணு வருஷம் எல்லாரும் அவரை "ஃப்னு"ன்னே கூப்பிட்டாங்க.

---

ஆஸ்டின்வாசி | பிப்ரவரி 9, காலை 8:10

போன மாசம் வேலையை விட்டு வந்த கம்பெனிக்காரன் இன்னும் டபிள்யூ-2 அனுப்பல. ஜனவரி 31 கெடு தாண்டிடுச்சே?

---

பேரோல்_பாண்டி | பிப்ரவரி 9, காலை 8:30

31 சனிக்கிழமை, அதனால இந்த வருஷம் கெடு பிப்ரவரி 2. பழைய விலாசத்துக்குப் போயிருக்கான்னு பாருங்க, போர்ட்டல் கடவுச்சொல் இருந்தா அங்கயும் பாருங்க. பிப்ரவரி முடிஞ்சும் வரலைன்னா ஐஆர்எஸ்ஸைக் கூப்பிடுங்க, அவங்க கம்பெனிக்கு எழுதுவாங்க. அப்பவும் இல்லேன்னா கடைசி பேஸ்டப்பை வச்சு 4852 படிவம் போட்டு ஏப்ரல் 15-க்குள்ள ரிட்டர்ன் போட்டுடலாம்.

---

ஒற்றைப்பெயர் | மார்ச் 3, மாலை 6:48

டபிள்யூ-2சி இன்று வந்தது. என் பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால். எண்கள் எல்லாம் பழையபடியே, 178.56 உள்பட. அப்பாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். "அந்த 157 டாலர் யாருக்கு வரும்?" என்று கேட்கிறார்.

---

பழம்பெருச்சாளி | மார்ச் 3, இரவு 7:30

அவருக்கே அனுப்பிவிடுங்கள். நானும் ரிட்டர்ன் போட்டுவிட்டேன், ஷெட்யூல் 3-இல் 1,792. பழைய வருடங்களில் இரண்டு மாட்டியது, இரண்டும் 2014-க்கு முந்தையவை. மூன்று வருடக் கெடு தாண்டிவிட்டதாம்.